நான் நிமிர்த்திய மட்கார்டு

1976-ஆம் ஆண்டு, மாதா கோயில் திருவிழாவுக்குக் கொடியேறிய வாரத்து ஞாயிற்றுக்கிழமை. தூத்துக்குடியில் கிரேட் காட்டன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பல் செட் செய்யும் நண்பர் ஒருவரின் பட்டறையில் நடந்தது இது.

அப்போது நான் ஒரு நாளிதழுக்கு உள்ளூர்ச் செய்தி எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். வந்த கப்பல், போன கப்பல், உப்பு ஏற்றுமதி, சங்கு குளிப்பு, பெரும்பாலும் இவைதான். தினமும் துறைமுகத்துக்குப் போய் வந்ததில் ஒரு பொழுதுபோக்கும் ஒட்டிக்கொண்டது. மாடல் கார் கட்டுவது. ஓர் அட்டைப்பெட்டிக்குள் நூறு, நூற்றைம்பது பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். அவற்றை வெட்டி எடுத்து, அரம் போட்டு, ஒட்டி, பெயிண்ட் அடித்தால், நிஜக் காரில் இருபத்துநாலில் ஒரு பங்கு அளவுக்கு ஒரு கார் உருவாகும். எஞ்சின், ஸ்டியரிங், பின் சீட்டு எல்லாம் உண்டு. கையை விரித்து வைத்தால் விரல் நுனியைத் தாண்டாது. கடைகளில் கிடைக்காது. சிங்கப்பூரும் கொழும்பும் போய் வரும் கப்பல்காரர்கள் யாராவது மனது வைத்தால் வருஷத்துக்கு இரண்டு, மூன்று பெட்டி வரும்.

எங்கள் கூட்டம் மூன்றே பேர். நான், பல் செட் நண்பர், துறைமுகத்தில் ஓர் இழுவைப் படகில் மெக்கானிக்காக இருந்த திரேஸ்புரத்துக்காரர். 'பொம்மை' என்று யாராவது சொல்லிவிட்டால் மூவருக்கும் ஒரே நேரத்தில் கோபம் வரும். தனியாகப் பசை வாங்க வழியில்லாததால், பல் செட்டுக்குப் பயன்படும் திரவத்தில் பிளாஸ்டிக் துணுக்குகளைக் கரைத்து நாங்களே பசை செய்தோம். பெயிண்ட், படகுக்கு அடித்தது போக மிஞ்சியது. மெருகு போடுவதற்குக் கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் மீன் ஓடு உப்புத்தாளைவிட நன்றாக இருந்தது.

எங்களுக்குள் ஒரு வழக்கமும் இருந்தது. ஒருவர் கட்டி முடித்த காரை மற்ற இருவரும் ஆளுக்கு ஒரு வாரம் தங்கள் வீட்டில் வைத்திருப்பார்கள். குறை தேடுவார்கள். கண்டுபிடித்ததைத் தாங்களே சரிசெய்து, அதற்கென்று வைத்திருந்த நோட்டில் எழுதி, கட்டியவரிடம் திருப்பிக் கொடுப்பார்கள். கட்டியவர் கோபப்படக் கூடாது. இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவன் நான்தான். நோட்டில் அதிகப் பக்கங்கள் என் கையெழுத்தில் இருந்தன.

ஜூலை நடுவில் மெக்கானிக் தன் மூன்றாவது காரைக் கொண்டுவந்தார். நம் அம்பாசடருக்கு அண்ணன் முறை வேண்டும் என்று சொல்லத்தக்க ஒரு வெளிநாட்டுக் கறுப்புக் கார். அதைக் கட்ட எட்டு மாதம் எடுத்துக்கொண்டிருந்தார். "பாத்துட்டுத் தாங்க. கொடியேறுன வாரம் ஞாயித்துக்கிழமை எனக்கு வேணும்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அவர் எப்போதும் பேச்சு குறைந்தவர்.

முதல் வாரம் பல் செட் நண்பரிடம் இருந்தது. நோட்டில் அவர் எழுதியது ஒரே வரி: 'குறை எதுவும் இல்லை.' சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

என் கைக்கு வந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். முன்பக்க இடது மட்கார்டு உள்ளே போயிருந்தது. பின்கதவு ஒன்று மயிரிழை வெளியே தள்ளி நின்றது. டாப்பில் குறுக்காக இரண்டு வரிப்பள்ளம். பம்பரின் வலது முனை தொங்கியது. ஓட்டுநர் ஜன்னலின் கீழ் விளிம்பு தேய்ந்து குழிந்திருந்தது. ஒரு கதவின் கைப்பிடி தலைகீழாக ஒட்டப்பட்டிருந்தது. டிக்கியின் மூலையில் ஒரு நசுங்கல். பெயிண்ட் திட்டுத்திட்டாக இருந்தது. நம்பர் பிளேட்டில் எண்ணே இல்லை. எங்கள் ஊர் வெயிலில் வைத்தால் பிளாஸ்டிக் இளகிக் கோணிக்கொள்ளும். எங்கள் எல்லோருக்கும் அப்படி ஆகியிருக்கிறது. இவரும் வெயிலில் வைத்துக் கெடுத்துவிட்டார், பாவம், எஞ்சினோடு மல்லுக்கட்டும் தடித்த விரல்கள், என்று முடிவுகட்டினேன்.

ஆறு நாள் அதிலேயே உட்கார்ந்தேன். மட்கார்டை வெந்நீரில் முக்கி, கரண்டியின் முதுகால் உள்ளிருந்து தள்ளி நிமிர்த்தினேன். டாப்பு, பின்கதவு, பம்பர் மூன்றையும் அப்படியே. ஜன்னல் விளிம்பிலும் டிக்கியிலும் பட்டி பார்த்து, கணவாய் ஓட்டால் தேய்த்தேன். கைப்பிடியைத் திருப்பி ஒட்டினேன். இரண்டு கை கறுப்பு அடித்தேன். நம்பர் பிளேட்டில் ஊசி முனையால் ஓர் எண்ணும் எழுதினேன். நோட்டில் பதினோரு குறைகளை வரிசையாகக் குறித்து, ஒவ்வொன்றின் எதிரிலும் 'சரி செய்யப்பட்டது' என்று எழுதினேன். அப்படி ஒரு பக்கம் நிறைந்ததில் எனக்கு இருந்த திருப்தியை இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் முன்னதாகவே வந்திருந்தார். அவருடன் இன்னொருவர், நாற்பத்தைந்து வயதிருக்கும், வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "எங்க அண்ணன்" என்றார் மெக்கானிக். அவருக்கு உடம்பு சரியில்லாத ஓர் அண்ணன் இருப்பது எனக்குத் தெரியும். என்ன உடம்பு என்று நான் கேட்டதில்லை. கண் என்பது அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

மெக்கானிக் என் கையிலிருந்து துணிப் பொட்டலத்தை வாங்கி, பிரிக்காமலே அண்ணன் மடியில் வைத்தார். எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தார். அவர் பார்த்தது காரை அல்ல, அண்ணன் முகத்தை.

"என்னலே இது?" என்று துணியை விலக்கினார் அண்ணன். "காரா?"

"பாருண்ணே."

விரல்கள் முதலில் சக்கரத்தைத் தொட்டன. பிறகு பானெட். அங்கிருந்து இடது கை, வழி தெரிந்ததுபோல நேராக முன்பக்க மட்கார்டுக்குப் போய் நின்றது. அதைத் தடவியது. பின்னால் போய்விட்டு மறுபடியும் அங்கேயே வந்தது. டாப்பை ஒருமுறை தடவினார். ஓட்டுநர் ஜன்னல் விளிம்பில் கட்டைவிரலை வைத்து முன்னும் பின்னும் தேய்த்தார்.

"நல்ல வண்டி. யாருதுலே?"

"நம்மளதுதாண்ணே. நல்லாப் பாரு."

"நம்மளதா? நம்ம வண்டி என்னைக்குலே இப்படி வழவழன்னு இருந்துச்சு?"

அப்போதுதான் மெக்கானிக் குனிந்து காரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உனக்குத் தொட்டுப் பாக்கத்தான் அந்தப் பள்ளமெல்லாம் வச்சேன்ணே" என்றார்.

அண்ணன் பதினைந்து வருஷம் டாக்சி ஓட்டியவர். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர், மணப்பாடு, சாத்தான்குளம் என்று அந்தக் கறுப்பு அம்பாசடர் போகாத ஊர் இல்லை. சர்க்கரை வியாதி முற்றி இரண்டு வருஷத்துக்கு முன் பார்வை போய்விட்டது. வண்டியை விற்றுவிட்டார்கள். அதன்பின் ஆஸ்பத்திரிக்குத் தவிர வாசல்படி தாண்டுவதில்லை, பூசைக்குக்கூடப் போவதில்லை. 'ஒரு சாமான் தாரேன், வந்து வாங்கிக்க' என்று பல வாரம் கெஞ்சி, அன்று ரிக்சாவில் ஏற்றிக் கூட்டிவந்திருந்தார் தம்பி. இதெல்லாம் அவர் விட்டு விட்டுச் சொல்லச் சொல்ல எனக்குத் தெரிந்தது. எட்டு மாதமாக, இரவுச் சாப்பாட்டின்போது பேச்சோடு பேச்சாக அண்ணனிடம் ஒவ்வொரு நசுங்கலையும் பற்றிக் கேட்டு வாங்கியிருக்கிறார். பெயிண்ட் திட்டுத்திட்டாக இருந்தது, அது யார் கண்ணுக்காகவும் அடித்ததில்லை என்பதால். நம்பர் பிளேட் வெறுமையாக இருந்ததும் அதனால்தான்.

அண்ணன் காரை மெதுவாக மேசைப் பக்கம் நீட்டினார். "சரிலே. வீட்டுக்குப் போவோம். வெயில் ஏறிரும்." தம்பியின் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அப்படிப் போனால் அவர் திரும்ப வெளியே வரமாட்டார் என்பது அறையில் இருந்த நான்கு பேருக்கும் தெரிந்தது.

"அண்ணாச்சி, பள்ளத்தை எல்லாம் எடுத்தது நான்தான்" என்றேன். "தப்புன்னு நினைச்சு நிமிர்த்திட்டேன்."

அவர் முகம் என் பக்கம் திரும்பியது. "நீங்க, ஒரு மழைக்கு மணப்பாட்டுக்குச் சவாரி வந்த பேப்பர்காரர்லா?"

ஆமாம், போயிருக்கிறேன். அந்த வண்டியில் இரண்டு தடவையாவது போயிருக்கிறேன்.

"குரல வச்சுக் கண்டுபிடிச்சேன். பின்னாடி உக்காந்து போக வர எழுதிக்கிட்டே இருந்தீய. ஒரு வாட்டிகூட வண்டியப் பாக்கல."

"உக்காருங்க அண்ணாச்சி. எங்கெங்க என்ன இருந்துச்சுன்னு சொல்லுங்க. திரும்ப வச்சுடுறேன்."

"வச்சுருவீயளா? பள்ளம் வைக்கது அவ்வளவு லேசாப் போச்சா? நான் பதினஞ்சு வருஷம் ஓட்டி வாங்குனதுல்லா அது."

பல் செட் நண்பர் முதலில் சிரித்தார். பிறகு மெக்கானிக்கும். அண்ணன் கையால் நாற்காலியைத் துழாவினார். பிறகு, "எருமை இடிச்சதுல இருந்து ஆரம்பிங்க" என்று சொல்லி உட்கார்ந்தார்.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். 'இடது மட்கார்டு – பள்ளம்' என்றுதான் எழுதியிருந்தேன். எவ்வளவு ஆழம், எங்கே தொடங்கி எங்கே முடிந்தது, ஒரு குறிப்பும் இல்லை. ஆறு நாள் அதன் முகத்தில் விழித்தவனுக்கு அதன் வடிவம் நினைவில் இல்லை. தம்பியைக் கேட்டேன். "நான் அண்ணன் சொன்னத வச்சுச் செஞ்சேன். அண்ணனையே கேளுங்க" என்றுவிட்டார்.

வழி கண்டுபிடித்தவர் பல் செட் நண்பர். "கடி அளவு எடுக்கிற மாதிரி எடுத்திடலாம்" என்று, ரோஸ் நிற மெழுகுத் தகடு ஒன்றை வெந்நீரில் காட்டி இளக்கி, காரின் மட்கார்டு மேல் போர்த்தினார். பல் செட்டுக்கு வருபவர்களை இந்த மெழுகைத்தான் கடிக்கச் சொல்வார். அண்ணனின் சுண்டுவிரலைப் பிடித்து அதன்மேல் வைத்தார். "அழுத்துங்க. எப்படி இருந்ததோ அப்படி."

அண்ணன் நகத்தாலும் விரல் முனையாலும் மெழுகை அழுத்தினார். தடவிப் பார்த்து, நிரவி, மறுபடி அழுத்தினார். "ம். இதான்" என்றதும் நான் மெழுகை எடுத்து அளவு பார்த்து, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சிய கரண்டி முனையால் பிளாஸ்டிக்கை அதே அளவுக்கு அமுக்கினேன். நான் அடித்த கறுப்பு பொரிந்து கொப்பளித்தது. அவர் தொட்டுப் பார்த்தார்.

"இது ஆட்டுக்குட்டி. நான் சொன்னது எருமை. இன்னும் கொஞ்சம் போகணும்."

இன்னும் கொஞ்சம் போனேன். "ஆங், இதான் எருமை. குரும்பூர் திருப்பத்துல இடிச்சது" என்றார்.

பின்கதவு சாயர்புரத்துக் கல்யாணத்தில் ஆனது. பெண் அழுதுகொண்டே ஏற, கூட ஏழு பேர் ஏறி, கதவு சாத்தாது என்று அவர் சொல்லச் சொல்ல, தாய்மாமன் காலால் உதைத்துச் சாத்தினாராம். "அந்தப் பிள்ளைக்கு இப்ப நாலு பிள்ளை. கதவு மட்டும் கடைசி வரைக்கும் சாத்தல." டாப்பின் இரண்டு வரிகள் ஓட்டப்பிடாரத்துக்குச் சீதனமாகப் போன ஓர் அலமாரியின் கயிறு. பம்பர் ஓர் உப்பு லாரி. தலைகீழ்க் கைப்பிடி தம்பியின் கைவேலை; நிஜ வண்டியிலும் அப்படித்தான் மாட்டித் தொலைத்தாராம். ஜன்னல் விளிம்பின் பட்டியை நான் சுரண்டி எடுத்ததும், அண்ணன் தன் வலது முழங்கையை நாற்காலியின் கைமேல் வைத்துக் காட்டினார். பதினைந்து வருஷம் அந்த முழங்கை இருந்த இடம் அது. அதை நான் பட்டி வைத்து அடைத்திருந்தேன்.

இடையில் பல் செட் நண்பரிடம் கேட்டேன், குறை இல்லை என்று எப்படி எழுதினீர்கள் என்று.

"கோணப்பல்லுக்காரர் வந்தார்னா கோணலாத்தான் செட் செய்வேன். நேரா வச்சு அனுப்புனா வீட்டம்மா யாரோன்னு கதவச் சாத்திருவாங்க. இந்தப் பள்ளமெல்லாம் தெரியாம விழுந்த மாதிரி எனக்குத் தோணல."

"அதை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கலையே" என்றார், மெழுகை இளக்கிக்கொண்டே.

கடைசியாக டிக்கி. அதில் பட்டி மட்டும்தான் வைத்திருந்தேன். சுரண்டியதும் மெக்கானிக் செய்த நசுங்கல் அப்படியே வெளியே வந்தது. அண்ணன் தொட்டார். நெற்றி சுருங்கியது.

"இது என்ன? இது நம்ம வண்டியில கிடையாது."

நான் பதறிப்போய்ப் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். என் கரண்டி பட்டதில்லை. முதலிலிருந்தே இருந்ததுதான், நோட்டில் பதினோராவதாக எழுதியிருந்தேன். மூன்று பேரும் மெக்கானிக் பக்கம் திரும்பினோம்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இருந்துச்சுண்ணே. சின்னம்மை செத்த துட்டிக்கு நீ மணப்பாட்டுக்குப் பஸ்ல போயிருந்தப்ப உன்ட்ட கேக்காம வண்டிய எடுத்தேன். பின்னாடி எடுக்கையில ஐஸ் பேக்டரி சுவத்துல இடிச்சுட்டேன். நீ வாரதுக்குள்ள தட்டி, பட்டி பாத்து, பெயிண்ட் அடிச்சுட்டேன்."

"எப்ப?"

"ஒம்பது வருஷம் இருக்கும். நீ தொட்டுக் கேட்டா சொல்லிருவோம்னுதான் இதுல வச்சேன்."

அண்ணன் விரலை அந்த மூலையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். நான் கதவுப் பக்கம் பார்த்தேன். அவர் எழுந்து போய்விடுவாரோ என்று பயம்.

"ஏலே" என்றார் மெதுவாக. "அப்ப மழைக்கு மழை டிக்கிக்குள்ள தண்ணி ஒழுகுனது..."

"அதான்ணே."

"ஒர்க்ஷாப்காரன்தான் ரப்பர் மாத்தும்போது கெடுத்துட்டான்னு அவன நான் ஏசாத ஏச்சு இல்லையேலே! ஒம்பது வருஷமா அவன்ட்டப் பேச்சு வார்த்தை கிடையாது. அவன் மக கல்யாணத்துக்குக்கூடப் போகலையேலே, களவாணிப் பயலே!"

தம்பியின் தலையை நோக்கி ஓர் அறை விட்டார். அது காற்றில் போயிற்று. இரண்டாவது சரியாக விழுந்தது. தம்பி தலையை நகர்த்தவில்லை. அண்ணனுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைத்துக்கொண்டு, நிறுத்தி, மறுபடி சிரித்தார். அண்ணன் இப்படிச் சிரித்துக் கேட்டு இரண்டு வருஷமாயிற்று என்று மெக்கானிக் பின்னால் சொன்னார்.

மணி இரண்டாகியிருந்தது. பல் செட் நண்பர் வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. மேசையில் இருந்த கார், எங்கள் கூட்டம் இதுவரை கட்டியவற்றிலேயே பார்க்க அசிங்கமானது. கறுப்பு கொப்பளித்து, அங்கங்கே வெள்ளைப் பிளாஸ்டிக் தெரிந்தது. அதில் ஒரு கை பெயிண்ட் அடித்துத் தரட்டுமா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் காரைத் துணியில் சுற்றச் சொல்லி அக்குளில் இடுக்கிக்கொண்டார். "ரிக்சா பிடிலே" என்றார்.

"வீட்டுக்காண்ணே?"

"வீட்டுக்கு என்ன இப்ப? ஒர்க்ஷாப்காரன் வீட்டுக்கு. அந்த மனுசன்ட்ட டிக்கிய முதல்ல காட்டணும். நீதான் இடிச்சேன்னு உன் வாயால சொல்லணும்."

வாசலில் இரண்டு படி. தம்பி கையைப் பிடிக்கப் போனார். அண்ணன் அதைத் தட்டிவிட்டு, காலால் படியைத் துழாவி, தானே இறங்கினார்.

சில வருஷங்கள் கழித்து, பிறர் எழுதி அனுப்புவதைத் திருத்தும் வேலைக்கு நான் போனேன். ஓய்வு பெற்ற பிறகும் யாராவது எதையாவது பார்த்துத் தரச் சொல்லி நீட்டுகிறார்கள். கண்ணில் பட்ட கோணலை நிமிர்த்தக் கை இன்றும் துடிக்கிறது, ஆனால் எழுதியவரைக் கூப்பிட்டு, "இது தெரிஞ்சு வச்சதா?" என்று கேட்காமல் நிமிர்த்துவதில்லை. பத்தில் ஒன்பது பேர் தவறுதான் என்று ஒப்புக்கொள்கிறார்கள். பத்தாவது ஆள் ஒருவர் இருப்பார் என்பதற்காக இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.